கீசகன் ஆவடி தாண்டிய கதை

சினிமாவுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அம்பத்தூர்க்காரர் ராக்கி தியேட்டரைக் காட்டுவார், பூந்தமல்லிக்காரர் ஈவிபி ஃபிலிம் சிட்டியைக் காட்டுவார். இரண்டும் நேற்று முளைத்தவை. எங்கள் பக்கத்துச் சம்பந்தம் நூறு வருஷம் தாண்டியது. ஆரம்பித்து வைத்தவர் ஆர். நடராஜ முதலியார்.

சென்னையில் சைக்கிள் விற்றார். பிறகு அமெரிக்க மோட்டார் கார் விற்றார். இரண்டும் ஓடுகிற சரக்கு. அந்தத் துணிச்சலில் ஓடுகிற படத்துக்கும் வந்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மூப்பனார் ஒருவரிடம் வில்லியம்சன் கேமராவும் பிரிண்டரும் 1,800 ரூபாய்க்குப் படிந்தன. 1917-இல் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா ஃபிலிம் கம்பெனி எழுந்தது. கதை, பம்மல் சம்பந்த முதலியார் சொன்ன கீசக வதம். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்: முதல் படமே அடுத்தவன் பெண்டாட்டி மேல் கண் வைத்தவன் கதையா? முதலியார் வியாபாரி. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடிப்பு வாத்தியார் சுகுண விலாச சபை ரங்கவடிவேலு. பகலில் வக்கீல், மேடையில் ஸ்திரீபார்ட். பேசியே பிழைக்கிற மனுஷரை ஊமைப் படத்துக்குப் பிடித்துப் போட்டார்கள். இந்தியில் எழுத்து போட வந்தவர் தேவதாஸ் காந்தி. அப்பா அகிம்சை, பிள்ளை வதம்.

செட்டில் விளக்கு கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, வெயிலை வடிகட்டி எடுத்தார்கள். கதைப்படி கீசகன் கும்மிருட்டில், திரௌபதி என்று நினைத்து பீமனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். மெட்ராஸ் வெயிலில் அத்தனை பெரிய ஆள் எப்படி மறைந்திருப்பான்? பார்த்துச் சிரிக்கலாம் என்றால் ஒரு அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை.

ஸ்பெயின்காரர் செகுந்தோ தெ சோமோன் 1908-லேயே, ஹோட்டலில் பெட்டி தானாக நகர, பிரஷ் தானாகவே ஷூ துடைக்க ஒரு ஊமைப் படம் எடுத்துவிட்டார். முதலியாருக்கு அந்த ஜாலமெல்லாம் வாய்க்கவில்லை. பெட்டியை அவரேதான் தூக்கினார். ஃபிலிம் கழுவ மெட்ராஸில் வசதி இல்லை. குளிர்ச்சியான பெங்களூரில் லேப் வைத்து, வாரக் கடைசியில் அங்கே போய் வந்தார். ரயிலில் போனால் அம்பத்தூர், ஆவடி. ரோட்டில் போனால் பூந்தமல்லி. கார் விற்றவர் எதில் போனாரோ, எங்களைத் தாண்டாமல் பெங்களூர் கிடையாது. கீசகன் போகும்போது கழுவாத முகம், திரும்பும்போது கழுவின முகம். வழியில் வெள்ளரிக்காய் விற்றவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தால் ஒரு பிஞ்சு கூடவே போட்டிருப்பார்கள்.

ஷூட்டிங் 35 நாள். நீளம் 6,000 அடி. போட்டது 35,000 ரூபாய், எல்பின்ஸ்டன் தியேட்டரில் ஆரம்பித்து ஊர் ஊராக ஓட்டி எடுத்தது 50,000. லாபத்தைப் பார்த்ததும் சொந்தபந்தத்தின் மனசும் நோகக் கூடாதே என்று, அடுத்ததாக நல்ல குடும்பக் கதை ஒன்றைக் கையில் எடுத்தார்: திரௌபதி வஸ்திராபகரணம்.