செவ்வாய்க்கிழமை ராகுகாலம்

நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் நடுவே சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 முதல் இதை ஒரே மூச்சில், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. திங்கள் இரவு பத்தரை வாக்கில் ஏறினால் புதன் விடியலில் இறக்கிவிடுவார்கள். செவ்வாய் முழுக்க ஆகாயத்தில். அன்றைய மூன்று முதல் நாலரை ராகுகாலத்தை எந்த ஊர் மணிப்படி பார்ப்பது என்று பஞ்சாங்கக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை. திரும்பும்போது கதை தலைகீழ்: பகலில் கிளம்பி அதே நாள் மாலை போய்ச் சேரலாம், கடிகாரத்தை நம்பினால் சில மணி நேரப் பயணம்தான், முதுகு மட்டும் நம்பாது.

இந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள். எகானமி வகுப்பே இல்லை. ஆள் குறைந்தால் எடை குறையும், அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது கணக்கு. முன்சீட்டு முழங்காலில் இடிக்கும் சுகத்தைப் பதினெட்டு மணி நேரத்துக்கு விற்காமல் விட்டதே பெரிய தர்மம். அந்தப் புண்ணியத்துக்கான விலையை டிக்கெட்டில் சேர்த்துவிடுகிறார்கள்.

அழைக்க வருகிறவர்களிடம் ‘புதன்கிழமை’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஏறுங்கள்.