மேல்வீட்டுக் கோலி: ஒரு திணைசார் மறுவாசிப்பு

அண்டைவீட்டு ஒலி குறித்த ஆய்வுகள் தமிழில் போதிய அளவு நிகழவில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையும் இப்படித்தான் தொடங்கும் என்பதால் நானும் தொடங்கிவிட்டேன். நிகழ்ந்திருக்கிறதா என்று தேடவில்லை. இந்த வரியை எழுதுகிறவர்கள் தேடுவதில்லை.

ஆய்வுக்களம் சென்னை மடிப்பாக்கத்தில், லிப்ட் இல்லாத ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் தளம், என் படுக்கையறை. ஆய்வுக்காலம் இரண்டு ஆண்டுகள். ஆய்வு நேரம் இரவு 11.40. ஆய்வாளரின் நிலை, மல்லாந்து.

முதலில் வகைப்பாடு. வைகறையில் அரைக்கும் எதிர்வீட்டுக் கிரைண்டர், தோசையாகத் திரும்பி வருவதால் மன்னிக்கப்படுகிறது. மார்கழி ஒலிபெருக்கி பக்தி சார்ந்தது, ஆய்வுக்கு அப்பாற்பட்டது. தெருநாய்கள் பேட்டி தர மறுத்துவிட்டன. எஞ்சுவது ஒன்றே: மேல்வீட்டில் விழுந்து உருளும் கோலிக்குண்டு.

அடுக்குமாடியில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டக். ஒரு நொடி கழித்து இன்னொரு டக். பிறகு டக்டக்டக், கடைசியில் ஒரு கர்ர்ர். மேல்வீட்டில் இருப்பவர்களோ ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். கோலி ஆடும் வயதைக் கடந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் விழுகிறது.

இவ்வொலியின் பிறப்பிடம் எது? எழுத்து பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டைச் சொல்கிறார். கான்கிரீட் தளம் அதில் இல்லை. ஆனால் அண்ணம் என்பது வாயின் மேற்கூரை. வீட்டை ஒரு வாயாகக் கொண்டால் தளம் அண்ணமாகாதா? ஆகும். ஆகாது என்பவர்கள் இந்த வீட்டில் ஓர் இரவு படுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது மாத்திரை. முதல் இரண்டு டக்குகளுக்கு இடையே இரண்டு மாத்திரை, அதாவது நெடில். அடுத்த இடைவெளி குறில், ஒன்று. பிறகு அரை மாத்திரை. அதன்பின் கால் மாத்திரை, மகரக்குறுக்கம். இறுதிக் 'கர்ர்ர்' ஐயமின்றி அளபெடை. மாத்திரையை அளக்கக் கண்ணிமைப்பும் கைநொடிப்பும் சொல்லப்பட்டிருக்கின்றன. தூக்கம் போனவனுக்குக் கண் இமைக்காது. ஆகவே இருட்டில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி அளந்தேன். "ராத்திரியில என்னங்க சத்தம்?" என்று மனைவி எழுந்து உட்கார்ந்ததால் அன்றைய தரவு பழுதுபட்டது.

திணை காண்பதில்தான் சிக்கல். பொழுது யாமம், எனவே குறிஞ்சி. உரிப்பொருளோ இரங்கல், அது நெய்தலுக்குரியது. ஆகவே திணைமயக்கம். விடை தெரியாத இடத்தில் மயக்கம் என்று எழுதினால் தேர்வாளர் தலையசைப்பார்.

சட்டத்தையும் பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. கைப்பேசியில் செயலியை இறக்கிப் பிடித்தேன். கோலி விழுமுன்பே 50 காட்டியது. அது என் மின்விசிறி. விசிறியை நிறுத்தினேன், கொசு வந்தது. சட்ட அணுகுமுறை அத்துடன் கைவிடப்பட்டது.

இனி உரையாசிரியர்கள். "பேசாம படுங்க" என்பது முதல் உரை (காண்க: மனைவி, தலையணை உரை, திரும்பிப் படுத்த பதிப்பு). அது பாக்கு இடிக்கும் ஓசை என்பார் மாமனார் (காண்க: சாய்வுநாற்காலி உரை, இரண்டாம் பாகம், காபிக்கறைப் பிரதி, முதல் பாகம் சொல்லுமுன் தூங்கிவிட்டார்). முதல் மாடி மாமியின் உரையே ஆழமானது: "எல்லாம் அந்தக் குழவி பண்ற வேலை" (காண்க: மொட்டைமாடி வடாம் உரை, இரண்டு புடவைகளுக்கு இடைப்பட்ட பதிப்பு, சித்திரை வெயில் மறுபதிப்பு, காக்கை விரட்டிய இடங்களில் சிதைவு). இங்கு 'குழவி' அம்மிக்குழவியா, அன்றி 'கிழவி' என்பதன் பாடபேதமா என்பது தெளிவாகவில்லை. மாமியிடமே கேட்டிருக்கலாம். மூல ஆசிரியர் உயிரோடிருக்கும்போது அவரைக் கேட்பது ஆய்வு நெறியன்று.

தொலைவில் கிடக்கும் சொற்களை மாட்டிப் பொருள்கொள்வதில் நச்சினார்க்கினியர் வல்லவர். அவர் வழியில் திங்கள் இரவின் 'டக்'கை வியாழன் இரவின் 'கர்ர்ர்'ரோடு மாட்டிப் பார்த்தேன். மேல்வீட்டார் என்னைப் பழிவாங்குகிறார்கள் என்ற பொருள் தடையின்றிக் கிடைத்தது. அன்றிலிருந்து படியில் பார்த்தால் அவர்களிடம் சிரிப்பதில்லை.

வாட்ச்மேனும் ஒன்று சொன்னார்: "மோட்டார நிறுத்திட்டு வந்து படுக்கறப்பதான் சார் அது கேக்கும்." அடிக்குறிப்பு இல்லாததால் அது சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

சென்ற மாதம் பிளஷ் டேங்க் ஒழுகியதால் பிளம்பர் வந்தார். கோலியைப் பற்றி நான் விளக்கத் தொடங்கித் தொல்காப்பியரை எட்டுமுன், கீழே குரல் கொடுத்து மோட்டாரைப் போட்டு நிறுத்தச் சொன்னார். "கைய வைங்க சார்" என்று என் உள்ளங்கையை எடுத்துக் குளியலறைக் குழாயில் வைத்தார். குழாய் சில்லென்றிருந்தது. பிறகு துள்ளியது. நெடில், குறில், அரை, கால்.

"ஏறின தண்ணி மோட்டார் நின்னதும் திரும்பி வந்து இடிக்குது சார். கீழ வால்வ மாத்தினா நின்னுடும்."

ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. மேற்கோள் இல்லை, பின்னிணைப்பு இல்லை, எதிர்கால ஆய்வுக்கு வழி இல்லை. இதை வைத்து முந்நூறு பக்கம் எப்படி இழுப்பது? ஆய்வேடு முடியும்வரை வால்வில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லி, வந்ததற்குக் காசு கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவரை வழியனுப்பக் கீழே போனபோது மேல்வீட்டார் கீரைக்கட்டோடு படியேறி வந்தார். "என்ன சார், பிளம்பரா? தண்ணி ஏதும் ஒழுகுதா?" என்றார். நான் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் படிக்க ஆரம்பித்தேன்.