ஸ்பிரிங் கம்ப்ரசர்: தேர்வு, இரவல், பயன்பாடு

காரின் காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, இடத்தைவிட்டு எடுக்கவும் திரும்ப உட்காரவைக்கவும் உதவும் கருவி ஸ்பிரிங் கம்ப்ரசர். இதில் வெளியே மாட்டும் வகை ஜோடியாக விற்கப்படுகிறது. ஜோடியாகத்தான் வேலை செய்யும். இரவல் கேட்டு வருபவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிப்பது நல்லது.

எல்லாப் பழைய கார்களுக்கும் இது தேவைப்படாது. பழைய அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். அதை வைத்திருப்பவருக்கு வேறு தலைவலிகள் உண்டு. பிரீமியர் பத்மினிக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் முன்பக்கம் காயில். ஹெரால்டு எங்கள் மதுராந்தகத்துக்கு அந்நியமல்ல, இதே ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரான வண்டி. அதன் பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து எழும். சக்கரத்தைச் சுற்றியுள்ள அத்தனையும் வெளியே தெரியும். வேலைக்கு இது பெரிய வசதி. தெருவில் போகிறவர்கள் நின்று யோசனை சொல்வதற்கும் வசதி.

ஹெரால்டில் காயிலுக்கு நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கிறது. மேலே உள்ள நட்டுதான் அமுங்கிய காயிலை அடக்கி வைத்திருக்கிறது. மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஒரு காயிலை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் அது 2,500 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறக்குறைய 255 கிலோ பாரத்துடன், திருப்பித் தள்ளும். உள்ளே அடைந்து கிடக்கும் ஆற்றல் 125 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறக்குறையச் சமம். மூட்டையாவது எந்தப் பக்கம் விழும் என்று தெரியும்.

கருவியில் மூன்று வகை உண்டு. நீண்ட மரைக்கம்பியில் கொக்கிகள் கோத்து வெளியே மாட்டுவது. காயிலுக்குள் நுழைந்து அமுக்குவது. பட்டறையில் நிலையாக நிற்பது. ஷாக் அப்சார்பர் நடுவே இருக்கும் காயிலுக்கு உள்ளே நுழையும் வகை உதவாது. வாங்கும்போது கொக்கியின் கனம், மரையின் தரம், கொக்கி நழுவாமல் தடுக்கும் பின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, நம் ஊர் வகை: கட்டுக்கம்பி, நைலான் கயிறு, திடகாத்திரமான மச்சான். “இதுக்குப் போய்த் தனியா ஒரு டூலா?” என்று கேட்பவரிடம் இந்த மூன்றும் கைவசம் இருக்கும்.

இனி இரவல். “அண்ணே, அந்த ஸ்பிரிங் அமுக்குற சாமானைக் குடுங்க, அரை மணி நேரத்துல வந்துடும்” என்பதில் தொடங்கும் இந்தக் கட்டம்தான் கருவியின் ஆயுளில் மிக நீண்டது. இரவல் போன கம்ப்ரசர் வாங்கியவரிடம் தங்காது. முதலில் படாளம் போகும். அங்கிருந்து மைத்துனர் மூலம் அச்சிறுபாக்கம். அச்சிறுபாக்கத்தில் ஒருவர் அதை வைத்துக் காயில் தவிர எல்லாவற்றையும் அமுக்கியிருப்பார்: கேட்டின் கீல், பம்ப்செட் அடித்தட்டு, கட்டிலின் கால். கேட்கப்போனால், “நேத்துதான் குடுத்தனுப்பினேனே” என்பார். யாரிடம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது. திரும்பி வரும்போது ஒன்றுதான் வரும், கொக்கி வளைந்து, மரையில் சிமெண்ட் காய்ந்து. சென்ற வாரம் மதுராந்தகத்தில் அப்படித்தான் வந்தது. “இன்னொண்ணா? ஒண்ணுதானே குடுத்தீங்க?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஒற்றைக் கம்ப்ரசரால் அமுக்கினால் காயில் ஒரு பக்கமாகக் கோணி, மறுபக்கம் தெறிக்கப் பார்க்கும். இதைச் சொன்னால், “நாங்க ஒண்ணை வச்சுத்தானே முடிச்சோம்” என்று பதில் வரும். அவர்கள் எதை முடித்தார்கள் என்று விசாரிக்காமலிருப்பது உத்தமம்.

பயன்பாடு சுருக்கமானது. இரண்டையும் நேரெதிராக மாட்டி, மரைக்கு எண்ணெய் விட்டு, மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக முடுக்க வேண்டும். இம்பேக்ட் கன் கூடாது. மரை சூடேறிக் கடித்துக்கொள்ளும். காயில் இருக்கையை விட்டுத் தளர்ந்ததும் நிறுத்த வேண்டும். அதன் பிறகே மேல்நட்டில் ஸ்பேனர் படலாம். காயிலின் முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, யோசனை சொல்பவர் உட்பட. அமுக்கிய காயிலை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. தளர்த்துவதும் அதே போல, மாற்றி மாற்றித்தான்.

வேலை முடிந்ததும் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, இரண்டையும் ஒரே சங்கிலியில் பூட்டி வைக்க வேண்டும். சாவி வீட்டில் உள்ளவர்களிடம் இருக்கக் கூடாது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.