கார்டுத் தடை குறித்துத் தாளாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ தாளாளர் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கும் மாணவி ஒருத்தியின் பாட்டனும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவனுமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் தங்கள் கையொப்பத்துடன் வெளியான சுற்றறிக்கையை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். போகிமான் கார்டு, கிரிக்கெட் வீரர் கார்டு, மல்யுத்த வீரர் கார்டு முதலிய யாதொன்றையும் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவருதலும், தமக்குள் கொடுத்து வாங்குதலும் தடைசெய்யப்படுவதாகவும், மாணவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றும் தீய வழக்கத்தை வேரோடு களைவதே இதன் நோக்கம் என்றும், மீறுவோரின் கார்டுகள் பறிமுதல் செய்யப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. ஏமாற்றுதலை உலகத்தில் எங்கேனும் ஓரிடத்திலிருந்து களையத் தொடங்கத்தானே வேண்டும்? மனை விற்பனையிலோ நகைக்கடைச் சேதாரத்திலோ தொடங்கினால் எதிர்ப்பு பலமாக இருக்குமாதலால், வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத பத்து வயதுக்காரர்களிடமிருந்து தொடங்கிய தங்கள் ராஜதந்திரத்தை வியக்கிறேன்.

உத்தரவு நிறைவேற்றப்பட்ட வேகமும் போற்றத் தக்கதே. மறுநாள் பிற்பகலுக்குள் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் சமஸ்த ஐசுவரியமும் தலைமையாசிரியை அறையின் இரும்பு பீரோவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாக அறிகிறேன். ரசீது ஏதும் கொடுக்கப்படவில்லை. எவருடையது எது என்று பட்டியலும் எழுதப்படவில்லை. மணல் லாரியைப் பிடிக்கிற காவல்துறைகூடச் சாட்சி வைத்து மகஜர் எழுதிவிட்டுத்தான் வண்டியை நிலையத்துக்கு ஓட்டிப் போகும். நேர்மையைக் கற்பிக்கும் ஸ்தாபனத்துக்கு இத்தகைய சம்பிரதாயங்கள் அவசியமில்லை போலும்.

நிற்க, விஷயத்துக்கு வருகிறேன். பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. என் நிலத்தை நீ எடுத்துக்கொள், உன் நிலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இருவர் முத்திரைத்தாளில் எழுதிப் பதிந்துகொள்வது. அவ்வகைப் பத்திரங்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்து நரைத்த கண்கள் என்னுடையவை. கிணற்றில் தண்ணீர் வற்றியதை மறைத்தவர்களையும், பாகப்பிரிவினை வழக்கு நடப்பதைச் சொல்லாமல் விட்டவர்களையும், வழிகாட்டி மதிப்புக்கு மேல் வாங்கிய தொகையை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பத்திரத்தில் அதைக் காட்டாமல், சத்தியவான்களைப் போல் கைநாட்டு வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தினாலேயே, மாலை வேளைகளில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் என் பேத்தியும் அவள் சகாக்களும் நடத்தும் கார்டுப் பரிவர்த்தனையை நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனிக்கலானேன்.

அங்கே முதலில் இருதரப்புக் கார்டும் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே வந்து படியின்மேல் பக்கம் பக்கமாக வைக்கப்படும். மூலை மடிந்திருக்கிறதா, முதுகில் கீறல் உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு எவர் வீட்டுக் கைப்பேசியிலிருந்தாவது டார்ச் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கப்படும். அசல் போகிமான் கார்டின் உள்ளே கருமையான தாள் ஒன்று வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் ஒளி எளிதில் ஊடுருவாது; பெட்டிக்கடைகளில் தொங்கும் பொன்னிறப் போலிகள் அந்தச் சோதனைக்கு நிற்பதில்லை. "உன்கிட்ட இது டபுளா இருக்கா?" என்று கேட்கப்படும், கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். இருவரும் "டீல்" என்று சொன்ன பிறகும், யாராவது ஒருவர் வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடும் வரையில் மனம் மாறிக் கார்டைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. "போங்கு" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், அத்தனை வியாபாரமும் அந்தக் கணமே நின்றுபோகும். வில்லங்கச் சான்றுக்கு மனுப்போட்டுக் காத்திருந்தவர்களை நினைத்து நான் பெருமூச்சு விட்டேன்.

கபடமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த அசல் கார்டு ஒன்றை வைத்திருந்த இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் ஐந்து பொன்னிறக் கார்டுகளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். ஒன்றுக்கு ஐந்து, அதுவும் தங்கமாக மின்னுகிற ஐந்து என்று அந்தக் குழந்தை குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. மறுநாள் பஞ்சாயத்து கூடிற்று. என் பேத்தியே அக்கிராசனம். பையனின் எதிர்வாதம் சட்டப்படி அசைக்க முடியாதது: தான் பொய் சொல்லவில்லை, அவனேதான் கேட்டான், இரண்டு பேரும் டீல் சொன்னோம், சாப்பிடக் கூப்பிட்டும் ஆயிற்று. என் காலத்துச் சார்பதிவாளர் எவராயினும் இதற்குமேல் ஒன்றும் கேளாமல் முத்திரையைக் குத்தியிருப்பார். என் பேத்தியோ ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவனுக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பணியாற்றிய அலுவலகத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் ஒருநாளும் கேட்டு நான் கண்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பத்திரங்கள் பதிவாகியிரா. அசல் கார்டு திரும்பக் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு நிறைவேறுவதில் ஒரு சிக்கல் வந்தது: வாதியாகிய குழந்தை தங்கக் கார்டுகளைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று வீறிட்டு அழுதது. கடைசியில் பையன் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை அபராதமாக விட்டுக்கொடுத்தான். நீதி கிடைத்த அந்தக் குழந்தை, தன்னைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்கென்ன செய்வது?

இனிப் பெரியவர்கள் இதே கார்டுகளைக் கையாளும் லட்சணத்தைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்துக் கொடுக்கப்பட்ட பேஸ்பால் வீரர் கார்டுகளில், ஹோனஸ் வாக்னர் என்பவருடையது மிகச் சொற்பமாகவே வெளிவந்து நின்றுபோனது. அவற்றுள் ஒரு பிரதியை, 1991ல், கார்டுகளைப் பரிசோதித்துத் தரச்சான்று வழங்கும் நிறுவனம் ஒன்று தன் முதலாவது சான்றிதழுக்கு உரியதாக ஏற்று, உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது. 2007ல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதை முன்னொரு காலத்தில் விற்றவரும் ஏல உலகத்தின் பெரும்புள்ளியுமாகிய வில்லியம் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கொன்றில் 2013ல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கி, அதைச் சொல்லாமல் விற்றதையும் ஒப்புக்கொண்டார். எங்கள் மாடிப்படியில் மூலை பார்க்கிற ஒன்பது வயதுப் பெண்ணொருத்தியை அழைத்திருந்தால், அந்தச் சான்றிதழ் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

குழந்தைகளின் பரிவர்த்தனையில் இருபக்கத்துச் சரக்கும் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கும் பாக்கெட்டோ மூடி ஒட்டப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிற கடைக்காரனுக்கும் தெரியாது. எந்தக் கார்டை எத்தனை அச்சடித்தோம் என்பது அச்சடித்தவனுக்கு மட்டுமே தெரியும். 1999ல் அமெரிக்காவில் வெளியான முதல் போகிமான் தொகுதியில் 102 கார்டுகள் இருந்தன; 11 கார்டு கொண்ட பாக்கெட்டில் அரியது என்று ஒன்றுதான் இருக்கும், அதுவும் எல்லோரும் தேடுகிற சாரிஸார்டாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இது சூதாட்டமன்றோ என்று பெற்றோர் சிலர் அவ்வாண்டிலேயே சான் டியேகோவில் வழக்குப் போட்டார்கள். இவ்வகைக் கார்டு வழக்குகளை விசாரித்த ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், விரும்பிய கார்டு கிடைக்காத ஏமாற்றம் சொத்துக்கு நேர்ந்த நஷ்டமாகாது என்று 2002ல் முடிவு கூறிவிட்டது. அதாவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது சட்டப்படி குற்றமற்ற வாணிகம். கண்ணைத் திறந்து பார்த்து மாற்றிக்கொள்வது தங்கள் சுற்றறிக்கைப்படி தீய வழக்கம்.

இன்னொரு கணக்கையும் தங்கள் கணித ஆசிரியரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். இத்தாலியின் மோடெனா நகரத்துப் பனீனி கம்பெனி, 2022 கத்தார் உலகக் கோப்பைக்காக வெளியிட்ட ஆல்பத்தில் ஒட்டவேண்டிய படங்கள் 670. எல்லாப் படங்களும் சம எண்ணிக்கையில் அச்சாகின்றன என்றே வைத்துக்கொண்டாலும், யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியே வாங்கி அதை நிரப்ப ஒரு குழந்தைக்குச் சராசரியாக ஏறத்தாழ 4,750 படங்கள், ஐந்து படம் கொண்ட பாக்கெட்டாகச் சொன்னால் 950 பாக்கெட்டுகள் தேவைப்படும். பத்துக் குழந்தைகள் கூடி மாற்றிக்கொண்டால் இந்தச் செலவு வெகுவாகக் குறைந்துபோகும். கம்பெனிகளின் கொள்ளை லாபத்துக்கு அணைபோடுவது அந்த மாடிப்படிச் சந்தை ஒன்றே. அதைத் தாங்கள் மூடியிருப்பதால், சுற்றறிக்கையின் நகல் ஒன்றை அக்கம்பெனிகளுக்கு அனுப்பிவைத்தால் தங்களைக் கௌரவ முகவராக நியமிக்கவும் கூடும். அர்ஜென்டினாவில் அதே 2022ல் படங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நாட்டின் வர்த்தகச் செயலகமே கம்பெனியையும் பெட்டிக்கடைக்காரர்களையும் அழைத்துவைத்துப் பேசிற்று. குழந்தைகளுக்குக் கார்டு கிடைக்க அங்கே அரசாங்கம் கூட்டம் போட்டது. நம்மூரில் கார்டைப் பிடுங்கக் கூட்டம் போடுகிறோம். தேசத்துக்குத் தேசம் ஆட்சிமுறை வேறுபடத்தானே செய்யும்.

இவ்வளவையும் எழுதியது உத்தரவை மீறும் எண்ணத்தினால் அன்று. உண்மையில், சுற்றறிக்கையின் மூன்றாம் பிரிவைப் பற்றித் தங்களிடம் ஒரு விளக்கம் பெறவே இக்கடிதத்தைத் தொடங்கினேன். வேறு கடையில் வாங்கக் கூடாதென்ற விதியின்படி, இவ்வாண்டு பள்ளியிலேயே பணம் கட்டி வாங்கிய நோட்டுப் புத்தகக் கட்டு, உறை பிரிக்காமல், உள்ளடக்கப் பட்டியல் இல்லாமல் எங்களிடம் தரப்பட்டது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்ததில், எங்கள் கட்டில் நான்கு கோடு நோட்டுகள் தேவைக்கு மேல் ஆறு இருந்தன. கட்டம் போட்ட நோட்டு ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனின் கட்டிலோ கட்டம் போட்டவை மிஞ்சிக் கிடக்கின்றன, நான்கு கோடு போதவில்லை. இரு கட்டுகளையும் மாடிப்படியில் பரப்பிவைத்துவிட்டோம்; அட்டைகளில் மடிப்பில்லை; இருதரப்பிலும் டீல் சொல்லியாயிற்று. 'எப்பொருளையும் தமக்குள் கொடுத்து வாங்குதல்' என்று மூன்றாம் பிரிவு விரிவாகப் பேசுவதால், மாற்றிக்கொள்ளலாமா, அல்லது நோட்டுகளையும் பீரோவில் ஒப்படைத்துவிட்டு எதிர்வீட்டாரும் நாங்களும் ஆளுக்கொரு புதிய கட்டு வாங்க வேண்டுமா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு ஆசிரியை நாளைக்குள் நோட்டு வேண்டுமென்கிறாராதலால், பதிலைச் சற்றுத் துரிதமாக அனுப்பினால் அனுகூலமாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் பாட்டன்