தன்வினையும் பிறவினையும்: இல்லக் கணினியின் இயங்குதளம் மாற்றுதல் பற்றிய ஆராய்ச்சி

பாயிரம்

நூல் செய்யப் புகுவோர் முதற்கண் பாயிரம் உரைக்க வேண்டும் என்றும், அதில் ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டுப் பொருள்கள் அமைய வேண்டும் என்றும், அவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றும் நன்னூலார் விதித்துச் சென்றிருப்பதால், அவ்விதியைப் பரிபூரணமாக அனுசரிக்கச் சக்தி இல்லாவிடினும் இயன்ற அளவு அனுசரித்தே இவ்வாராய்ச்சியைத் தொடங்குகிறேன். ஆக்கியோன் பெயர், குடும்ப அமைதியை உத்தேசித்து மறைக்கப்படுகிறது. களம், திருச்சியில் ஒரு வீட்டுக் கூடத்தின் ஜன்னலோர மேஜை. நுதலிய பொருள், அம்மேஜைமேல் வீற்றிருக்கும் பத்து வயதுக் கணினியில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் குடியேற்றிய சரித்திரம். கேட்போர், என் மனைவி, தாயார், எட்டாம் வகுப்பு படிக்கும் மகன்; கேட்க விரும்பியவர்கள் என்பதைவிடக் கேட்க நேர்ந்தவர்கள் என்பதே பொருந்தும். காலம், விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன 2025 அக்டோபர் 14ஆம் தேதியை ஒட்டிய புரட்டாசிக் கடைசி. காரணம், அடுத்த பதிப்பு எதிர்பார்க்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு எங்கள் யந்திரத்தில் இல்லாமை. இல்லாமையும் ஒரு பதார்த்தமே என்றும் அதற்கு அபாவம் என்று பெயர் என்றும் தர்க்க சாஸ்திரிகள் ஒப்புக்கொண்டிருப்பதால், இல்லாத ஒரு சில்லு இவ்வளவு காரியங்களுக்குக் காரணமாயிற்று என்பதில் விபரீதம் ஒன்றுமில்லை. பயன் மாத்திரம் கட்டுரையின் இறுதியில் கூறப்படும்.

சொல்லாராய்ச்சி

'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்பதை நம்மவருள் சிலர் இயங்குதளம் என்றும், சிலர் இயக்குதளம் என்றும், இவ்விரு சாராருடனும் வழக்குக்குப் போக விரும்பாதவர்கள் இயக்க முறைமை என்றும் எழுதுகின்றனர். இது வெறும் ஒற்றெழுத்து வேறுபாடு என்று தள்ளிவிடத்தக்கதன்று. திருந்து என்பது தன்வினை, திருத்து என்பது பிறவினை. அவ்வாறே இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. எங்கள் வீட்டில் பத்தாண்டுகள் கோலோச்சிய பழைய தளம், நாங்கள் கேளாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, மகனின் பள்ளிக் கட்டுரை பாதியில் நிற்கையில் தானே அணைந்து, தானே எழுந்து, எழுந்தபின் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட சந்தோஷ சமாசாரத்தையும் தானே அறிவிக்கும் சுபாவமுடையதாகையால், அதற்குத் தன்வினைப் பெயரே தகும். புதிதாய் வந்ததோ நாம் இயக்கினாலன்றி இயங்காது; திருத்தங்கள் வந்திருப்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு சிறு சின்னத்தால் உணர்த்திவிட்டுக் கைகட்டி நிற்கும். இது பிறவினை.

'கட்டற்ற' என்னும் அடைமொழியும் விசாரணைக்குரியது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் குறிப்பது காசில்லாமையை அன்று, சுதந்திரத்தையே என்று பல்லாண்டுகளாக விளக்கிக்கொண்டிருக்க நேர்ந்திருக்கிறது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இரு சொற்களை உடைய தமிழனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் இலவசம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வரிசையில் நிற்கவும், கையில் வாங்கிய மறுகணம் அதன் தரத்தைச் சந்தேகிக்கவும் பழகிய நாட்டில் அச்சொல்லைப் பிரயோகித்தது என் முதல் பிழை. "சும்மா கொடுக்கிறான்னா அதுல என்ன கோளாறோ" என்றார் என் தாயார். பூர்வபட்சம் இவ்வளவு சுருக்கமாக எந்தச் சாஸ்திரத்திலும் கூறப்பட்டதில்லை.

உற்பத்தி

மகத்தான இயக்கங்கள் அற்பக் காரணங்களிலிருந்து உதிப்பது உலக வழக்கு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில், காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் ஓர் அச்சுப்பொறி இருந்தது. காகிதம் சிக்கினால் உடனே தகவல் தெரிவிக்குமாறு அதன் நிரலைத் திருத்திவிட ஸ்டால்மன் விரும்பினார். நிரலின் மூலத்தைத் தர மறுத்துவிட்டார்கள். ஒரு தாள் சிக்கியதால் மூண்ட அந்தக் கோபமும் ஒரு வித்தாகி, 1983 செப்டம்பரில் குனூ என்னும் திட்டமாக முளைவிட்டது. 'குனூ என்பது யுனிக்ஸ் அன்று' என்று விரியும் அப்பெயரின் விரிவுக்குள் அப்பெயரே மறுபடி அமர்ந்திருப்பதால், அதை விரிக்க விரிக்க முடிவே இராது. நம் நையாயிகர்கள் அநவஸ்தா தோஷம் என்று கண்டித்த ஒன்றை அங்கே பெயராகவே சூட்டி மகிழ்ந்திருக்கின்றனர். விரும்பிய காரியத்துக்குப் பயன்படுத்தல், உள்ளே பார்த்துக் கற்றுத் திருத்தல், பிறர்க்குப் படி வழங்கல், திருத்தியதையும் வழங்கல் என அவர் வகுத்த சுதந்திரங்கள் நான்கு. அவை ஒன்றிலிருந்து அல்லாமல் சூன்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பது கணினியாளர் மரபு.

உடலின் அங்கங்கள் பெரும்பாலும் சேர்ந்தும் உயிர்நிலையாகிய கெர்னல் என்னும் உட்கரு அமையாதிருந்த அத்திட்டத்துக்கு, 1991 ஆகஸ்டு 25இல், ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராகிய 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டிருப்பதாக அடக்கத்துடன் அறிவித்து, மறு ஆண்டே அதைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். அந்தப் பொழுதுபோக்குத்தான் இன்று உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியல் முழுவதையும் ஆள்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு அடியிலும் கிடக்கிறது. லினக்ஸ் என்ற பேரே வேண்டாம் என்ற என் தாயார், அதைச் சொன்னதே அப்படிப்பட்ட ஒரு கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

மார்க்க பேதம்

லினக்ஸ் என்பது ஒன்றெனினும் அது விநியோகங்களாய்ப் பலவாகப் பிரிந்து கிடக்கிறது. இவற்றைப் பாகுபடுத்த அந்நிய சாஸ்திரம் எதையும் நாட வேண்டியதில்லை. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியைப் பற்றி விவகரித்த இரண்டு நியாயங்களே போதுமானவை. தென்கலையார் கூறும் மார்ஜார நியாயத்தில், பூனைக்குட்டி ஒரு பிரயத்தனமும் செய்வதில்லை. தாயே அதைக் கவ்விக்கொண்டு போகிறது. வடகலையார் கூறும் மர்க்கட நியாயத்தில், குரங்குக்குட்டி தன் முயற்சியால் தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் கீழே விழ வேண்டியதுதான். 2004இல் தோன்றிய உபுண்டுவும், அதன் வழியில் 2006இல் வந்த லினக்ஸ் மின்ட்டும் மார்ஜார மார்க்கம். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கரை சேர்த்துவிடும். ஆர்ச், ஜென்டூ முதலியவை மர்க்கட மார்க்கம். அவற்றுள்ளும் ஜென்டூ, கடைச் சோற்றை மறுத்து நெல்லை வாங்கி வந்து தன் வீட்டு உரலில் தானே குத்திச் சமைப்போருடையது. சோறு உயர்ந்ததே, ஆனால் பசி வேளை கடந்துவிடும். நாங்கள் பூனையைத் தேர்ந்தோம்.

அவஸ்தைகள்

8 ஜிபி பென்டிரைவில் இயங்குதளத்தின் பிம்பத்தை எழுதி, கணினியை எழுப்பும்போதே அதைக் கொண்டு எழுப்ப வேண்டும் என்பது விதி. அதற்குரிய விசை எஃப்2ஆ, எஃப்12ஆ, எஸ்கேப்பா, டெலீட்டா என்பது யந்திரத்துக்கு யந்திரம் மாறுபடுமாதலால், என் மகன் நான்கையும் வரிசையாக, நாமாவளி சொல்லுவோன் போல் இடைவிடாது அழுத்திக்கொண்டிருந்தான். எந்த நாமத்துக்குத் தெய்வம் இரங்கியது என்பது இன்றளவும் தெரியாது. பிறகு திரை ஒரு கேள்வி கேட்டது: வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, இருப்பதன் பக்கத்தில் நிறுவுவதா? "எதையும் அழிக்காதீங்க, என் கொஸ்டின் பேப்பர் எல்லாம் அதுலதான் இருக்கு" என்று அடுக்களையிலிருந்தே தீர்ப்பு வந்தது. இவ்விதம் இரு தளங்களும் ஒரே வட்டில், ஒரே வாசல் வழியே புழங்கும் ஒண்டுக்குடித்தனம் ஆரம்பமாயிற்று.

ஒண்டுக்குடித்தனத்தில் சண்டை தண்ணீர்க் குழாயடியில் பிறக்கும். இங்கே கடிகாரத்தில் பிறந்தது. யந்திரத்தின் உள்ளே மின்சாரம் போனாலும் நிற்காத சிறு கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதில் சர்வதேச நேரத்தை எழுதிவைத்து, நமக்குக் காட்டுகையில் மட்டும் ஐந்தரை மணி கூட்டிக் காட்டும். பழைய குடித்தனக்காரரோ அங்கே எழுதியிருப்பது உள்ளூர் நேரமே என்று முழுமனதாக நம்புவார். ஆகையால் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய தளத்தைத் திறந்தபோது திரையின் மூலை 4:30 என்று சொல்லிற்று. என் தாயார் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "வெயில் முத்தத்துல அடிக்குது, ராகு காலம் இன்னும் முடியலை, உன் பெட்டி பிரம்ம முகூர்த்தம்ங்குதே தம்பி!" இரண்டு தளங்களும் தத்தம் சித்தாந்தப்படி நிரபராதிகளே, கிரீன்விச்சுக்கும் திருச்சிக்கும் இடையிலுள்ள ஐந்தரை மணி நேரமே குற்றவாளி. லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதிவைக்குமாறு ஒரே வரிக் கட்டளையால் பணித்து என் மகன் அவ்விவகாரத்தைத் தீர்த்துவைத்தான்.

அடுத்த அவஸ்தை இதனினும் கொடியது. என் மனைவி தமிழாசிரியை. பத்து வருஷத்துக் காலாண்டு, அரையாண்டு வினாத்தாள்கள் அனைத்தும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. லினக்ஸில் லிப்ரே ஆபீஸைக் கொண்டு அவற்றுள் ஒன்றைத் திறந்தபோது, தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இறைந்து கிடந்தன. 'அம்மா' என்ற சொல் இருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என ஐந்து குறிகள் நின்றன. உண்மை யாதெனில், பாமினிக் கோப்பில் தமிழ் என்றுமே இருந்ததில்லை. உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். எழுத்துரு என்பது அவற்றுக்கு இட்ட தமிழ் வேஷம். வேஷம் ஒப்பனை அறையிலேயே தங்கிவிட, கூத்தர் மட்டும் மேடைக்கு வந்துவிட்டனர். பழைய குடித்தனத்திலிருந்து அந்த ஒரு சிறு எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இங்கே வைத்ததும் வினாத்தாள்கள் உயிர்த்தெழுந்தன. "பத்து வருஷமா நான் அடிச்சது தமிழே இல்லையா?" என்ற அவள் கேள்விக்கு மட்டும் இன்றுவரை எனக்கு விடை அகப்படவில்லை. புதிய தாள்களை யூனிகோடில் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

மற்ற அவஸ்தைகள் சிறியன. சி, டி, ஈ எனப் பிரிந்திருந்த உலகங்கள் ஒழிந்து, சகலமும் ஒரு சாய்கோட்டிலிருந்து கிளைப்பதாகக் காட்டும் லினக்ஸின் அத்வைதம் ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் அங்கே இரு வேறு கோப்புகள் என்பதை, எழுத்தில் பெரியவர் சிறியவர் பேதம் பாராத தமிழ் வளர்த்த என் மனைவி கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

காரண வாதம்

நிற்க. இவ்வாராய்ச்சியின் பிரதான முடிபு இனிமேல்தான் வருகிறது. பழைய தளத்தின் காலத்தில் கணினியில் எது கெட்டாலும், கடல் கடந்து எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவன்மீது குடும்பம் முழுவதும் ஒற்றுமையாகப் பழி சுமத்தி ஆறுதல் அடைவது வழக்கமாயிருந்தது. மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பழி கடலைத் திரும்பக் கடந்து, கூடத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. மழையில் இணையம் அறுந்தால் லினக்ஸ், மின்தடை வந்தால் லினக்ஸ், "நீ அதைப் போட்டதிலிருந்து மிக்ஸிகூட ஒரு மாதிரி சத்தம் போடுது தம்பி." இதற்கு மாறாக, பழைய தளத்தில் குறுந்தகடு கேட்டு அடம்பிடித்த அச்சுப்பொறி, இங்கே கம்பியைச் செருகியதுமே தாள் தள்ளியது, அதற்குக் காரணம் யாரென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. குறைக்கு நான் காரணம், நிறைக்கு யந்திரம் காரணம் என்பதே இல்லறக் காரண வாதம். இலக்கணத்தில் தன்வினைக்கு ஒரு பொருள். பாட்டிமார் வாக்கில் தன்வினைக்கு வேறொரு பொருள். இரண்டாவதன் பொருளை நான் நன்கு கற்றுக்கொண்டேன்.

இந்த நிலையில் ஒரு சம்பவம். புதிய தளத்தின் முகப்பைத் தமிழில் வைத்திருந்தோம். ஒருநாள் மாலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி கணினிப் பட்டியில் 'அச்சு பொறி' என்றிருப்பதைக் கண்டு, சிவப்புப் பேனாவோடு எழுந்து வந்துவிட்டாள். "இங்க 'ப்' எங்கே? இதை யார்கிட்ட சொல்றது?" பழைய தளத்தில் அவள் இப்படிப் பல பிழைகளைக் கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைக் கடந்ததுண்டு. ஆனால் இம்மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் எழுதியது. மொழி அறிந்த எவரும் திருத்தம் அனுப்பலாம். "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், நீயே திருத்து" என்றேன். என்னைச் சந்தேகத்தோடு பார்த்தவள், உட்கார்ந்து, அன்றிரவே அந்த ஒற்றையும், அதனோடு வேறு 11 ஒற்றுகளையும் இட்டு அனுப்பினாள். அன்று விடைத்தாள்கள் திருந்தவில்லை. ஆனால் மறுநாள் முதல் அந்தக் கணினியை அவள் 'உங்க லினக்ஸ்' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பயன்

பாயிரத்தில் வாக்களித்த பயன் இதுவே: கட்டற்ற இயங்குதளத்தால் மிஞ்சும் பணம் சொற்பம், பெருகும் வேகம் மிதம், பழி சுமத்த வேறு ஆளில்லாமல் போவதும், அந்தக் காரணத்தாலேயே பேனாவைக் கையில் எடுக்க உரிமை உண்டாவதுமே அதன் மெய்ப்பயன். இப்பயனை விரும்பும் வாசகர், முதலில் தம் கோப்புகள் யாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்கக் கடவர். இரண்டாவதாக, நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஒரு வாரம் இயக்கிப் பார்க்கக் கடவர். மூன்றாவதாக, அந்த வாரத்தில் வீட்டு மிக்ஸியை நல்ல மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடக் கடவர்.