கரிப்புகையும் கணக்குப்பிள்ளையும்

திருவேங்கடம் கடைவீதியில் பஜ்ஜி தின்பவருக்கு எண்ணெய் அதிகமா என்பதுதான் கவலை. உள்ளே கிடக்கும் சிட்டிகை ஆப்பச் சோடாவின் குடும்பக் கதையை யார் கேட்கிறார்கள்? அதன் அண்ணன் சலவைச் சோடா. அவன்தான் கரி தின்னி.

1775-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் தண்டோரா போட்டது: உப்பிலிருந்து சோடா எடுத்தால் பரிசு! ஆர்லியன்ஸ் பிரபுவின் வைத்தியர் நிக்கோலா லெப்ளாங்க் எடுத்தேவிட்டார். உப்பைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி, சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் போட்டு வறுக்கணும். அடுப்புக்கும் கரி, சட்டிக்குள்ளும் கரி. 1791-இல் காப்புரிமை. 1793-இல், பிரெஞ்சுப் புரட்சியில், பிரபுவின் தலை போனது. புரட்சிக்காரர்கள் லெப்ளாங்கின் ஆலையைப் பிடுங்கி, பக்குவத்தையும் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். பரிசு, தேர்தல் வாக்குறுதி மாதிரி கடைசிவரை வரவேயில்லை. 1806-இல் மனிதர் தற்கொலை செய்துகொண்டார். சிரிப்பு இங்கே சற்று நிற்கட்டும்.

பக்குவத்தை இங்கிலாந்துக்காரன் சுருட்டிக்கொண்டான். ஆலை கக்கிய அமிலப் புகையில் சுற்றுவட்டார மரமெல்லாம் மொட்டை. 1863-இல் பாராளுமன்றம் பிரம்பை எடுத்தது: அந்தப் புகையில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்தாகணும். முதலாளிகள் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு, பிடித்த அமிலத்திலேயே வெளுப்புத்தூள் செய்து விற்றுக் கல்லா கட்டினார்கள்.

அதே 1863-இல் பெல்ஜியத்தில் எர்னஸ்ட் சால்வே வேறு வழியில் கடை போட்டார். உப்புத்தண்ணீர், அம்மோனியா, சுண்ணாம்புக்கல் சுட்ட கரியமில வாயு. கரிச்செலவு குறைந்தது. லெப்ளாங்க் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இனி நம்ம தூத்துக்குடி. அங்கே ஓர் அல்கலி ஆலைக்குச் சோடா செய்யக் கரியமில வாயு வேணும். அதன் கொதிகலனோ கரியை எரித்து அதே வாயுவை வானத்துக்குத் தானம் செய்துகொண்டிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! 2016-இல் புகைக்கு வலை போட்டார்கள். ஒரு கரைசல் வாயுவை உறிஞ்சும், சூடாக்கினால் கக்கும். வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்று கணக்கு. மானியம் சல்லிக்காசு கிடையாது.

பூமியைக் காத்த புண்ணியவானைத் தேடி வெளிநாட்டு நிருபர்கள் வந்தார்கள். நிர்வாக இயக்குநரோ, தான் வியாபாரி, பூமியைக் காக்க நினைத்ததே இல்லை, தடையில்லாமல் வாயு வேண்டியிருந்தது என்று போட்டுடைத்தார்.

இத்தனை வருஷத்தில் கரி அடுப்பை ஞானி யாரும் திருத்தவில்லை. திருத்தியது சர்க்காரின் பிரம்பும் கணக்குப்பிள்ளையின் பேனாவும்தான். ஆகவே ஆலைக்காரரிடம் புண்ணியம் பேசாதீர்கள். புகைக்கூண்டைக் காட்டி, அதில் எத்தனை ரூபாய் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.