பம்ப்பு அவுட்டு!

பழைய டீசல் பிக்கப் ஒன்று ரோட்டோரம் மக்கர் செய்து நின்றால், டிரைவர் இறங்கிப் பானெட்டைத் தூக்குவதற்குள் ஒருவர் வந்து நிற்பார். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருப்பார்; அல்லது தன் வேலையாய்ப் போய்க்கொண்டிருந்தவர் மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு வந்திருப்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை வலம் வருவார். முன்டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார். டயருக்கும் கோளாறுக்கும் சம்பந்தம் கிடையாது. அது ஒரு சம்பிரதாயம். பிறகு இரண்டே சொல்லில் தீர்ப்பு வரும்: "பம்ப்பு அவுட்டு."

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டிரைவர்களுக்கு இவர் நல்ல பழக்கம். பழனி ரோட்டிலும் இருப்பார், தாராபுரம் ரோட்டிலும் இருப்பார். ஊருக்கு ஊர் முகம் வேறு, தீர்ப்பு ஒன்று.

இவருடைய படிப்பு என்ன? மச்சான் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தார். அது இல்லாதவருக்குத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பலமுறை கழற்றி மாட்டிய அனுபவம் இருக்கும். "எல்லாம் பம்ப்புதானப்பா. அது தண்ணி எறைக்குது, இது டீசல் எறைக்குது."

விசாரணையும் உண்டு, இல்லாமலில்லை.

"டீசல் இருக்கா?"

"இருக்குண்ணே, காலையிலதான் ஃபுல் பண்ணேன்."

"அப்ப பம்ப்புதான்."

டீசல் கம்மி என்று சொல்லியிருந்தாலும் தப்பிக்க முடியாது. "கம்மியா வச்சு ஓட்டுனா பம்ப்பு போகத்தானப்பா செய்யும்?"

அடுத்து, "செல்ஃப் அடி" என்பார். டிரைவர் அடிப்பார். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கேட்டியா?" என்பார். கேட்டது செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும்தான். "இன்னொருக்கா அடி." பேட்டரி இறங்கி அந்தச் சத்தமும் முனகலாகத் தேயும்போது, கொஞ்சமும் தயங்காமல் தீர்ப்பில் ஒரு வரி சேர்ப்பார்: "பேட்டரியும் அவுட்டு."

ஏன் எப்போதும் பம்ப்பு? பம்ப்பு பெரிய இடம். 1897-ல் ரூடால்ஃப் டீசல் தன் என்ஜினை ஓட்டிக் காட்டியபோது எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளியது அழுத்திய காற்று. அதற்கென்று கனமான கம்ப்ரசரையும் கூடவே சுமக்க வேண்டியிருந்ததால் அந்த என்ஜின் எளிதில் ரோட்டுக்கு வரவில்லை. பாஷ் கம்பெனி 1927-ல், கம்ப்ரசர் இல்லாமலே டீசலை உள்ளே தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் லாரிகள் ரோட்டில் பெருகின. நம்மூருக்கு அந்தப் பம்ப்பு வந்தது, 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனி வழியாக. அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பழைய பட்டறைகள் மாற்றிக்கொள்ளவில்லை. நம்மவருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தேவையில்லை. பானெட்டுக்குள் எதன் பெயரைச் சொன்னால் கூட்டம் "அச்சச்சோ" என்று ஒரு அடி பின்வாங்குமோ, அது மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த நேரத்தில் பக்கத்துப் பட்டறைப் பையன் கிரீஸ் சட்டையோடு வருவான். அவன் செய்கிற எதுவும் பார்க்கிறவர்களுக்குத் திருப்தி தராது. வாயைத் திறக்க மாட்டான். முதலில் பானெட் பக்கமே போகாமல் பின்னால் போய் சைலன்சரைப் பார்ப்பான். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே வந்து சேரவில்லை. டேங்க் மூடியைத் திறந்து 'உஸ்' என்று காற்று இழுக்கிறதா என்று கேட்பான். மூடியின் மூச்சுத் துளை அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடிவிட்டு நிற்கும். மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும்.

அதுவும் இல்லையென்றானதும் டீசல் ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்ப்பிலிருக்கும் கைப்பம்ப்பைக் குத்துவான். டீசல் நுரைத்துக்கொண்டு வரும். குத்தக் குத்த நுரை அடங்க வேண்டும், அடங்காது.

"ஏர் எடுக்குதுண்ணே" என்பான் டிரைவரிடம்.

"எங்கயும் ஒழுகலையேப்பா?" என்று நம்மவர் குறுக்கே விழுவார். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் அதிலேயே இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்பு வரை உள்ள லைனில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கே ஒரு விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டுவதைவிட, காற்று உள்ளே நுழைவதுதான் அதிகம். திருடன் உள்ளே போன வீட்டில் வாசலில் ஈரம் தேடிப் பயனில்லை.

பையன் ஒரு துண்டு ஹோஸை ஃபீட் பம்ப்பில் மாட்டி, மறுமுனையை டீசல் கேனுக்குள் விடுவான். கைப்பம்ப்பைக் குத்துவான். நுரை அடங்கும். இன்னொரு வண்டியிலிருந்து பேட்டரிக்கு ஒயர் கொடுத்து செல்ஃப் அடித்தால் என்ஜின் எழுந்துவிடும். பம்ப்பு நிரபராதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோளாறு டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில். கீழே படுத்துத் தேடினால், டேங்க் பக்கத்து கிளிப்புக்கு அடியில் பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். வெடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டி கிளிப்பை இறுக்குவான். அவ்வளவுதான்.

நம்மவர் முகம் வாடிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. "நான்தான் அப்பவே சொன்னேனே, பம்ப்புக்கு டீசல் வரல. பம்ப்பு ஏரியாதான்!" என்பார். கூடவே, "எதுக்கும் பம்ப்பைக் கழட்டி ஒருக்கா உள்ள பாத்துரு" என்று இலவச யோசனையும் வரும். அந்தப் பம்ப்புக்குள் பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். புழுதி பறக்கும் ரோட்டோரத்தில் அதைத் திறந்தால், அன்றைக்குத்தான் உண்மையிலேயே பம்ப்பு அவுட்டாகும். நம்மவர் தீர்ப்பும் முதன்முறையாகப் பலிக்கும்.

பையன் முந்நூறு ரூபாய் கேட்பான். "ஓஸை வெட்டினதுக்கா முந்நூறு?" என்று முதலில் அதிர்வதும் நம்மவரே. பம்ப்பைக் கழற்றி, திண்டுக்கல்லுக்கு அனுப்பி, காலிபரேஷன் பார்த்து, ஆயிரக்கணக்கில் பில் வந்திருந்தால் அவரே தலையாட்டிக் கொடுக்கச் சொல்லியிருப்பார். பெரிய வியாதிக்குப் பெரிய பீஸ், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. வெடித்த ரப்பருக்கு மரியாதை கிடையாது. அதைக் கண்டுபிடித்தவனுக்கும் கிடையாது.

இது டிரைவருக்கும் தெரியும். ஹோஸ் வெடித்தது என்றால், "இதைக்கூடப் பாக்க மாட்டியா?" என்று ஓனர் கேட்பார். பம்ப்பு என்றால் அது விதி, யார் மேலும் குற்றமில்லை. தக்காளி மார்க்கெட்டுக்குத் தாமதமாகப் போனதற்கும் தக்க காரணம். ஆகவே நம்மவர் வாங்கிக் கொடுக்கச் சொன்ன டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு, டிரைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஓனருக்கு போன் போடுவார்.

"அண்ணே, வண்டி நடுவழில நின்னுபோச்சுண்ணே..."

மேலே சொல்ல விடாமல் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "பம்ப்பா? எனக்கு அப்பவே தெரியும்டா!"